வாசல்காரன் எப்போது தூங்கினான்?

என் அக்கா புதுத்துணி தைப்பவள் இல்லை. கடையில் வாங்கிய பேண்ட் நீளமாக இருந்தால் குட்டையாக்குவாள், இடுப்பு இறுகினால் பிரித்துவிடுவாள், செத்துப்போன மாமனாரின் கோட்டை மருமகனுக்கு ஏற்றமாதிரி ஒடுக்கித் தருவாள். முப்பத்தாறு வருடமாக இதே வேலை. ஆள் படியேறி வரும்போதே எங்கே எத்தனை விரற்கடை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். டேப்பை எடுத்து அளப்பதெல்லாம் வந்தவருக்கு நம்பிக்கை வரட்டும் என்பதற்காகத்தான்.

அவளுக்குக் கல்யாணமும் ஆனது. இரண்டே வருடத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று சொந்தபந்தம் எல்லாம் துளைத்தெடுத்தது. "பொருந்தல" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. மறுநாளே மிஷினுக்கு எண்ணெய் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டினவர். ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஷேவிங் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன், அக்கா, நான் மூன்று பேரும் நின்று பேசினோம். பேசினோம் என்பது சும்மா, அண்ணன்தான் அக்காவைப் பார்த்துப் பேசினான். "நீதான் வீட்லயே இருக்கியே. ஒரு ரெண்டு மாசம் பாத்துக்கோ. அதுக்குள்ள ஏதாவது ஏற்பாடு பண்ணிடலாம்." நான் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டுவதற்கென்றே செய்த தலை என்னுடையது. அந்த ஏற்பாடு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. இரண்டு மாசம் ஆறு வருடமாகிவிட்டது.

நான் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். காதில் மாட்டியிருக்கும் கருவி வழியாக நாள் முழுக்க அடுத்தவர் திட்டுவதை வாங்கிக்கொள்வேன். அதனாலோ என்னவோ, வேலை முடிந்ததும் எதையாவது யாரையாவது குறை சொன்னால்தான் எனக்கு மூச்சே வரும். அதற்கு வசதியாக அமைந்தது அந்தத் தொடர்.

நான்கு வருடம், வருடத்துக்குப் பதினைந்தாக அறுபது பாகம், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. மலைக் கணவாயில் ஒரு பெரிய இரும்பு வாசல். அந்தப் பக்கம் சாம்பல் பூதங்கள், இந்தப் பக்கம் நாடு. ராஜா படை திரட்டி வரக் கடல் தாண்டிப் போகிறார். போகும்போது வாசலை ஒருவனிடம் ஒப்படைக்கிறார். "நீங்கள் திரும்பி வரும்வரை இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன்" என்று அவன் ஈட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்கிறான். அவன்தான் கதாநாயகன். அவனுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அவன் வாசல்காரன்.

தொடர் ஆரம்பித்த புதிதில், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அண்ணன் ஒரு பெரிய டிவி வாங்கிவந்தான். கதவு அகலத்துக்கு இருந்தது. அதை அப்பாவின் கட்டிலுக்கு நேராக மாட்ட வேண்டும் என்பதால் அக்காவின் தையல் மிஷின் அந்த அறையிலிருந்து சமையல்கட்டுக்குப் போனது. டிவியை மாட்டிய பிறகு, அதை அப்பாவோடு சேர்ந்து பார்ப்பதுதானே முறை என்று வெள்ளிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தோம். அண்ணனும் அண்ணியும் பிஸ்கட் டப்பாவோடு வருவார்கள், நான் வெறுங்கையோடு வருவேன். அப்பா டிவி பக்கம் ஒருக்களித்துப் படுத்திருப்பார். ஆறரைக்குப் பெரிய விளம்பர இடைவேளை வரும். நாங்கள் கால் நீட்டிக் கொட்டாவி விடும் அந்தப் பத்து நிமிடத்தில் அக்கா டீ போடுவாள், அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பாள், முதுகில் பவுடர் போடுவாள், முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பாள். அவள் கட்டிலைச் சுற்றி வரும்போது நாங்கள் காலைத் தூக்கி வழிவிடுவோம். இந்த உதவியை நான்கு வருடம் தவறாமல் செய்தோம்.

கடைசிப் பாகத்துக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா போன் செய்தாள். அவள் தானாகப் போன் செய்கிற ஆள் இல்லை.

"டாக்டர்ட்ட போயிருந்தேன். முதுகுத்தண்டுல டிஸ்க் நகந்திருக்காம். கனம் தூக்கக் கூடாதுங்கறார்."

"ஐயையோ. தூக்காத அக்கா."

"அப்பாவை யார் தூக்கறது?"

நான் பதில் சொல்லவில்லை. புகார்ப் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவனுக்குப் பேசாமல் இருக்கத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை தொடர் முடிஞ்சதும் உடனே கிளம்பிடாதீங்க, ரெண்டு பேரும். வாரத்துல ஆளுக்கு ரெண்டு நாள் வந்து இருங்க. அதைத்தான் பேசணும். இனிமே என்னால தனியா முடியாது."

இனிமே முடியாது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. பயமாக இருந்தது. ஆனால் அக்காவுக்காகப் பயந்தேன் என்று சொன்னால் பொய். என் சனி ஞாயிறு போய்விடுமே என்று பயந்தேன். அண்ணனுக்குப் போன் போட்டேன். "பாத்துக்கலாம்" என்றான். அந்த 'பாத்துக்கலாம்' எனக்கும் இதமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைசிப் பாகம். பூதங்கள் கடைசியாக ஒருமுறை மோதிப் பார்த்துவிட்டுப் பின்வாங்குகின்றன. வாசல்காரனுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, மூன்று விரல்கள் போய்விட்டன. குதிரை இரண்டாம் வருடமே செத்துவிட்டது, அன்றைக்கு நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அப்போது ஒரு பறவை ராஜாவின் ஓலையைக் கொண்டுவருகிறது. ராஜா கடலுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டாராம். அங்கே மாளிகை, தோட்டம், பேரப்பிள்ளைகள். "நாம் நலம். உன் சேவைக்கு நன்றி." அவ்வளவுதான் ஓலை. வாசல்காரன் அதை இரண்டு தடவை படிக்கிறான். மடித்து விளக்கின் அடியில் வைக்கிறான். ஈட்டியைச் சுவரில் சாத்துகிறான். சாவியை ஆணியில் மாட்டுகிறான். வாசலைத் திறந்துபோட்டுவிட்டு மலையிறங்கி ஆற்றங்கரைக்குப் போய், கவசத்தைக் கழற்றி, காலைத் தண்ணீரில் வைத்து, அப்படியே சாய்ந்து தூங்கிவிடுகிறான். இரண்டு நிமிடம் அவன் தூங்குவதையே காட்டினார்கள். பிறகு பெயர்கள் ஓடின.

எனக்கு வந்ததே கோபம். "இதுக்குத்தான் நாலு வருஷம் உக்காந்து பாத்தமா? சத்தியம் பண்ணினவன்யா அவன். வாசல்லயே நின்னு செத்திருக்கணும். அதான் அவன் குணத்துக்கு முடிவு."

"சாவானேன்? அவனையே ராஜாவாக்கி இருக்கலாம்" என்றான் அண்ணன். "ஜனங்க வந்து மாலையைப் போட்டு, தேர்ல ஏத்தி..."

"அது இதை விடக் கேவலம்."

"தூங்கறதுக்கு ஒரு முடிவா? எழுதினவன் தூங்கிட்டான்போல" என்றாள் அண்ணி.

அக்கா வாசல் நிலையில் சாய்ந்து ஒரு பேண்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு, "எனக்குப் பொருந்துது" என்றாள்.

"எப்படி பொருந்துது? சொல்லு பாப்போம்."

"அறுபது பாகம் பாத்தியே, அவன் எப்ப தூங்கினான்?"

"இது என்ன கேள்வி? கதைல அதையெல்லாம் காட்ட மாட்டாங்க."

"அவன் உக்காந்துகூட நான் பாக்கலையே. மாத்துக்கு ஒரு ஆள் வந்துச்சா?"

"சத்தியம்னு ஒண்ணு இருக்கில்ல அக்கா?"

"ராஜாவும்தான் சத்தியம் பண்ணினார். மூணு மாசத்துல வந்துடறேன்னு. முதல் பாகத்துலயே. அதை மட்டும் யாரும் பேச மாட்டேங்கறீங்க."

இந்த இடத்தில் எந்த மடையனுக்கும் உறைத்திருக்கும். எனக்கு உறைக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. ஏதோ சுருக்கென்றது. ஆனால் வாதத்தில் ஜெயிக்கிற வேகத்தில் இருந்தேன். "ராஜா எப்படிப்பட்டவர்ங்கறது வேற. வாசல்காரன்னா யாரு? நிக்கறவன். விட்டுட்டுப் போறவன் வாசல்காரனே இல்ல" என்று மேசையைத் தட்டினேன். அண்ணன் "சரியான பாயிண்ட்" என்றான். எங்களுக்குள் ஒத்துப்போனது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். சத்தம் இல்லை, கோபம் இல்லை. டீ டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாங்கள் ராஜா வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் அரை மணி நேரம் பேசினோம். அண்ணி மணியைப் பார்த்தாள். செருப்பு மாட்டும்போது எனக்கு நினைவு இருந்தது, அக்கா ஏதோ பேச வேண்டும் என்றாளே என்று. நன்றாகவே நினைவு இருந்தது. அவளாகக் கூப்பிடவில்லை, நானாகக் கேட்கவில்லை. படி இறங்கும்போது அண்ணன், "இனிமே வெள்ளிக்கிழமை வேலையில்லாமப் போச்சு" என்றான்.

வீட்டுக்குப் போனதும், அந்தத் தொடரைப் பற்றிப் பேசும் இணையக் குழுவில் முடிவைக் கிழிகிழி என்று கிழித்து நீளமாக எழுதிப் போட்டேன். 'ஒருவன் நான்கு வருடம் எதற்காக நின்றானோ அதை ஒரு தூக்கத்துக்காக விற்றுவிட்டார்கள்' என்று ஒரு வரி அதில். அந்த வரிக்கு ஏகப்பட்ட கைதட்டல்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு லீவு. படிக்கிற கண்ணாடியை அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை எடுக்கப் போனேன், வேறு உத்தமமான காரணம் ஒன்றும் இல்லை. தண்ணீர் கேன் போடுகிறவருக்காகக் கதவைச் சும்மா சாத்தி வைத்திருந்தாள். ஒன்பது மணி இருக்கும். உள்ளே பாத்திரத்தில் துணியை நனைத்துப் பிழியும் சத்தம் கேட்டது. அப்பாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து பூதம் வந்த வரைக்கும் பாத்தேன்" என்றார் அப்பா. அவர் குழறல் எங்களுக்குப் பழக்கம். "அப்புறம் நீ திருப்பிப் போட்டுட்டே. என்ன ஆச்சு?"

நான் கூடத்திலேயே நின்றுவிட்டேன். திருப்பிப் போட்டுவிட்டாள். ஆறரை மணிக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப் புண் வரும் என்று எனக்கும் தெரியும். டிவி பக்கம் இருப்பவரைப் புரட்டினால் எந்தப் பக்கம் பார்ப்பார் என்றுதான் யோசிக்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர். அறுபது வெள்ளிக்கிழமையும் அவர் பாதிக் கதையைத்தான் பார்த்திருக்கிறார். மீதிப் பாதிக்கு எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்த டிவியை அவருக்காகத்தான் வாங்கினோம்.

"பூதமெல்லாம் ஓடிப்போச்சுப்பா. கையை இப்படிக் குடுங்க."

"குதிரைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"குதிரைக்கு என்ன? நல்லா இருக்கு. புல்லு மேயுது."

செத்துப்போய் இரண்டரை வருடமான குதிரை புல் மேய்ந்தது. கோட்டு, பேண்ட் எல்லாம் போதாதென்று கதையையும் அவருக்குத் தகுந்தபடி பிரித்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சனிக்கிழமைதோறும்.

"ராஜா வந்தாரா?"

"வரலப்பா. வர மாட்டேன்னு ஓலை அனுப்பிட்டார்."

அப்பாவின் குழறல் கொஞ்சம் உரத்தது. "அப்ப அவன் எறங்கிப் போயிட்டானா? மாத்து வராம எறங்கக் கூடாதே."

அப்பாவின் டிப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. மாத்து டிரைவர் ஏறிவந்து சீட்டின் முதுகில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய டிரைவர் எழுந்திருப்பார். மாத்து வராவிட்டால் அடுத்த ஷிப்டும் அவர் தலையில்தான். அப்படி ஒருமுறை பதினாறு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து சாப்பாட்டுத் தட்டிலேயே தலை சாய்த்துத் தூங்கியவர் அவர். எறங்கிப் போயிட்டான் என்று சொன்னால், வாசல்காரனை அந்த நிமிடமே வெறுத்துவிடுவார்.

"மாத்து வராம எப்படிப்பா எறங்குவான்?" என்றாள் அக்கா. குரலில் அப்படி ஒரு அசதி. ஆனாலும் நிறுத்தாமல் சொன்னாள். "அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். எங்கயோ தூரத்துல இருந்தான். கடைசில அவன் வந்துட்டான். வந்து, 'நீ போய்ப் படுண்ணே, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டான். அப்புறந்தான் இவன் போய்ப் படுத்தான்."

"தட்டினானா?"

"ம். தோள்ல ரெண்டு தட்டு."

"அப்படின்னா சரி" என்றார் அப்பா. "அதான் அவனுக்குப் பொருத்தம்."

எனக்குக் காது சுட்டது. நேற்று இரவு எத்தனை வரி எழுதினேன். வாசல்காரனின் குணம், சத்தியத்தின் மதிப்பு, எழுத்தாளரின் சோம்பேறித்தனம். அந்தக் கதையில் ஒரு தம்பி இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவுக்குத்தான் தோன்றியிருக்கிறது. கண்ணாடி டிவிக்குக் கீழே இருந்தது. சத்தம் போடாமல் படி இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், நினைத்தேன். திரும்பும்போது கால் தண்ணீர் கேனில் இடித்தது.

"யாரு?" என்றார் அப்பா.

அக்கா எட்டிப் பார்த்தாள். கையில் ஈரத்துணி, ஒரு கை இடுப்பில். அப்படி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நேற்றும் பார்த்திருப்பேன். நிறைய நாள் பார்த்திருப்பேன்.

"தம்பி வந்திருக்கான்பா" என்றாள்.

"தம்பியா? மாத்துக்கா வந்திருக்கான்?"

அவர் கதையில் இருந்தாரா வீட்டில் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. பிழிந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். நேற்று நாங்கள் கேட்காமல் போனதை அவள் இன்று இன்னொரு தடவை கேட்கப்போவதில்லை என்று புரிந்தது. இப்போது நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனால் அதோடு முடிந்தது.

"ஆமாப்பா" என்றேன். "மாத்துக்குத்தான்."

"அப்ப தட்டு."

கட்டிலின் இரும்புக் கம்பியில் இரண்டு தடவை தட்டினேன். அவசரத்தில் மூன்றாகிவிட்டது.

அக்கா அழுதாள் என்று நினைப்பீர்கள். அவள் அழவில்லை. "பத்தரைக்குச் சுவர்ப் பக்கம் திருப்பணும். கால் நடுவுல தலையணை. தண்ணி ஸ்பூன்லதான், தலையைத் தூக்கி வெச்சுக் குடு" என்று மடமடவென்று சொன்னாள். "எத்தனை மணி வரைக்கும் இருப்ப?" என்று கேட்டாள். எல்லாரையும் அளவெடுக்கும் அந்தப் பார்வையில் என்னையும் ஒரு தடவை அளந்தாள்.

"நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும்."

"வாராவாரமா?"

"சனி, ஞாயிறு" என்றேன். "அண்ணன்ட்ட நான் பேசறேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சமையல்கட்டுக்குப் போய், மிஷின் பக்கத்தில் குவிந்திருந்த பேண்ட்களைத் தரையில் ஒதுக்கிப் பாயை விரிக்கும் சத்தம் கேட்டது. டீ போட்டுத் தரலாம் என்று போனேன். அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள். டேப் கழுத்திலேயே கிடந்தது.

நான் மாறிவிட்டேன் என்று கதை விடப்போவதில்லை. அந்தப் பதிவை இன்னும் அழிக்கவில்லை, அடிக்கடி எடுத்துக் கைதட்டல்களைப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் இன்னமும் 'பாத்துக்கலாம்'தான். சனிக்கிழமை காலையில் எழும்போது எனக்கு இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. எரிச்சலோடேயே பஸ் ஏறுகிறேன்.

அன்றைக்குப் பத்தரை மணிக்கு அப்பாவைப் புரட்ட எனக்குத் தெரியவில்லை. தோளைப் பிடித்தால் இடுப்பு வரவில்லை, இடுப்பைத் தள்ளினால் தலை தொங்கியது. இந்தக் கனத்தை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை அவள் எப்படித் தூக்கினாள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. அப்பாவே குழறிக் குழறிச் சொல்லிக்கொடுத்தார். கையை இங்கே போடு, முட்டியை மடக்கு, இப்ப இழு. ஒருவழியாகச் சுவர்ப் பக்கம் திரும்பினார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"அக்காவைக் கூப்பிடவாப்பா? சரியா படுத்திருக்கீங்களான்னு பாக்கச் சொல்றேன்."

"என்ன பண்றா?"

"தூங்கறா."

அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பக்கத்துக் கையைத் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினார்.

"எழுப்பாதே" என்றார்.